வாசல் ஒரு பக்கம், சரிவு ஒரு பக்கம்

தினமும் காலையில் முகம் கழுவியதும் குழாயக்கா ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பாள். கடவுளிடம் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இன்றைக்கு யார் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறக் கூடாது. பதவி உயர்வு, முதுகுவலி, தூக்கம் வராத கண் எதையும் அந்த ஒரு நிமிடத்துக்குள் அவள் நுழைய விடுவதில்லை. கேட்பதைக் குறைத்துக்கொண்டால் கடவுளுக்கும் வேலை சுலபம் என்பது அவள் எண்ணம்.

நகராட்சியின் பாதாளச் சாக்கடைப் பிரிவுக்கு அவள்தான் பொறியாளர். குழாயக்கா என்பது தம்பி வைத்த பெயர். ஒருநாள் அவன் அலுவலகத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் அப்படிக் கூப்பிட்டுத் தொலைத்தான். அன்றிலிருந்து வாசலில் உட்காரும் காவலாளி முதல் மேல்மாடி ஆணையர் வரை அதே பெயர்தான். ஆணையர் மட்டும் முதுகுக்குப் பின்னால் சொல்வார்.

ஊர் நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டே போனது. போன வருஷம் புதர் மண்டிக் கிடந்த இடத்தில் இந்த வருஷம் பால்கனியில் துணி காய்ந்தது. வீடு வாங்குகிறவர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள், சமையல் மேடையைத் தட்டிப் பார்த்தார்கள். குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அதைக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டும்.

அப்படிச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருவர். ஒருத்தி குழாயக்கா. இன்னொருவர் வராந்தாவின் மறுகோடியில் இருந்த நகரமைப்பு அதிகாரி. எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டுவது அவர் வேலை. தனிவீட்டுக்கு மஞ்சள், அடுக்குமாடிக்குப் பழுப்பு, கடைக்கு நீலம். கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் காதிடுக்கில் ஒரு பென்சில் செருகியிருப்பார் என்பதால் அவருக்கு அலுவலகத்தில் கலர்பென்சில் என்று பெயர். நல்ல மனிதர். சண்டை என்றால் பயந்து, எதையும் கோப்பில் எழுதியே கேட்பார். இருபது அடி தூரத்தில் இருக்கும் குழாயக்காவிடம் ஒரு கேள்வி கேட்க அவருடைய கோப்பு மேல்மாடி ஏறி, ஆணையர் மேஜையில் ஓய்வெடுத்து, இறங்கி வரும். இவளுடைய பதிலும் அதே படியில் ஏறி இறங்கும்.

மேட்டுத் தெருவில் புது அடுக்குமாடி எழும்பியபோதும் அப்படித்தான். மேட்டுத் தெருக் குழாயில் இன்னும் அறுபது வீட்டுக் கழிவுநீருக்கு இடம் இருக்கிறதா என்று அவர் எழுதிக் கேட்டார். தாராளமாக இருக்கிறது என்று இவள் எழுதினாள். கேள்வியும் சரி, பதிலும் சரி.

கட்டிடம் முடிந்து, குழாய் இணைப்புக்கு முன்னால் கடைசியாகப் பார்வையிட இருவரும் போனார்கள். நல்ல வெயில். புதுச் சுண்ணாம்பு வாசனை. குழாயக்காவுக்குக் காலையிலிருந்து நின்று நின்று இடுப்பு விட்டுப் போயிருந்தது. முன்வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பாட்டிலைத் திறந்தாள். கை நழுவிப் பாதித் தண்ணீர் தரையில் கொட்டிவிட்டது.

"போச்சு," என்றார் கலர்பென்சில். "என் பாட்டில்ல இருக்கு மேடம், குடிங்க."

அவள் வாங்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டிய தண்ணீர் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடவில்லை. திரும்பி, கட்டிடத்தின் ஓரமாக நெளிந்து, பின்பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதன் கூடவே நடந்தாள். காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடிப் போகிறவளைப் போல அவள் போனதைப் பார்த்து, அவரும் பின்னாலேயே வந்தார். கட்டிடத்தின் பின்சுவருக்கு அப்பால் நிலம் சரிந்து இறங்கியது. கீழே பள்ளத் தெருவின் மொட்டைமாடிகள் வரிசையாகத் தெரிந்தன.

"சார், இந்தக் கட்டிடத்த எந்தத் தெருக் கணக்குல வெச்சீங்க?"

"வாசல் மேட்டுத் தெருவுலதான இருக்கு? அப்போ மேட்டுத் தெருதான். நாங்க எப்பவும் வாசல வெச்சுத்தான் கணக்கு போடுவோம்."

"நாங்க சரிவ வெச்சுப் போடுவோம்."

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். எழுத எதுவும் இல்லாததால் திரும்பச் செருகிக்கொண்டார். "அப்போ இந்த அறுபது வீட்டுத் தண்ணியும்..."

"பள்ளத் தெருவுக்குப் போகும். அது அந்தக் காலத்துச் சின்னக் குழாய் சார். இப்பவே காலையில மூச்சு முட்டுது."

"அங்க பெரிய குழாய் போட உத்தரவு ஆயிடுச்சே?"

"ஆயிடுச்சு. மழைக்காலம் முடியாம தெருவத் தோண்ட முடியாது. இவங்க அடுத்த வாரம் குடி வரணும்ங்கிறாங்க."

இருவரும் பின்சுவரின் நிழலில் நின்றார்கள். அவள் வாங்காத பாட்டிலை அவர் மறுபடியும் நீட்டினார். இந்த முறை அவள் வாங்கிக் குடித்தாள்.

சிக்கலுக்கு மேல் சிக்கல், அந்த அறுபது வீட்டில் ஒன்று தம்பியுடையது. இணைப்புக்கு அனுமதி தந்தால், தம்பிக்காகக் கண்ணை மூடிக்கொண்டாள் என்பார்கள். தராவிட்டால், தம்பி தெருவில் நிற்கும்போது சட்டம் பேசினாள் என்பார்கள். இரண்டாவதைச் சொல்லப்போவது வீட்டு ஆட்கள் என்பதால் அதுதான் கூடுதலாக வலிக்கும்.

இப்போதைக்கு இணைப்புத் தர முடியாது என்று அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். வாடகை வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கூடத்தில் பாதியை மூட்டை கட்டிய சாமான்கள் அடைத்திருந்தன. தம்பியின் மாமனார் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். முழங்கால் தேய்ந்துபோன மனிதர். மாடி இறங்கி ஐந்தாறு மாதமாயிற்று. புது வீடு தரைத்தளம் என்ற ஒன்றுக்காகவே அவர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குக்கா," என்றான் தம்பி. "ஊர்ல எல்லாருக்கும் குழாய் போட்டுக் குடுப்ப. கூடப் பிறந்தவனுக்கு மட்டும் கோப்பு பேசுவ."

"உனக்கு மட்டும் இல்லடா. அறுபது வீட்டுக்கும்தான்."

"அந்த அம்பத்தொன்பது பேரும் உனக்குக் கூடப் பிறந்த தம்பியா?"

தம்பி பெண்டாட்டி டீயைக் கொண்டு வந்து வைத்தாள். கோபம் டம்ளர் வைத்த சத்தத்தில் தெரிந்தது. ஆனாலும் நாத்தனாருக்குச் சர்க்கரை ஆகாது என்பதை மறக்காமல் சர்க்கரை போடாத டீயாகத்தான் தந்திருந்தாள். "அப்பா ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டே இருக்காரு அண்ணி," என்று மட்டும் சொன்னாள்.

மாமனார் ஜன்னலிலிருந்து திரும்பினார். "அவளத் திட்டாதீங்கப்பா. இங்க உக்காந்து தெருவப் பாக்குறதும் ஒரு வேலைதான். ஆறு மாசம் அனுபவம் இருக்கு எனக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. குழாயக்கா டீயைக் குடித்துவிட்டு மூன்று மாடி இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் அந்தக் கிழவரின் முழங்கால் அவளுக்கு வலித்தது.

இரண்டு நாள் கழித்து விடிகாலையில் மழை பிடித்துக்கொண்டது. காலையில் அவள் கண்ணை மூடி நின்ற அந்த ஒரு நிமிடம் முடிவதற்குள் வாசல்மணி அடித்தது. தம்பி. சொட்டச் சொட்ட நனைந்து, மறுபடியும் கேட்டுப் பார்க்க வந்திருந்தான். அவன் வாயைத் திறக்கும் முன்பே அவளுடைய போன் அடித்தது.

"மேடம், ஏறுது," என்றது ஒரு குரல். அவ்வளவுதான்.

பள்ளத் தெருவின் கடைசி வீட்டுத் தையல்காரம்மா. தெருவிலேயே தாழ்வான வீடு அவளுடையது. குழாய் நிரம்பினால் முதலில் அவள் குளியலறை ஓட்டையில்தான் கறுப்புத் தண்ணீர் கொப்பளிக்கும்.

"வண்டிய எடு," என்றாள் குழாயக்கா. தம்பி கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தையல்காரம்மா, குளியலறை ஓட்டையின் மேல் மூடியை வைத்து, அதன் மேல் மணல் மூட்டையை வைத்து, மூட்டையின் மேல் தானே உட்கார்ந்திருந்தாள். ஐம்பது கிலோவைக்கூடத் தாண்டாத உடம்பு. மூடியின் ஓரத்தில் தண்ணீர் கசிந்து வாசல்படி வரை வந்திருந்தது. தையல் மெஷின் ஏற்கெனவே செங்கல் மேல் நின்றது. அந்த வீட்டில் மெஷின் தரையில் நின்று நாளாகியிருந்தது.

"வாங்க மேடம். எந்திரிச்சு வரவேற்க முடியாது, மன்னிச்சுக்கோங்க. எந்திரிச்சா அது எந்திரிச்சிடும்."

வாடிக்கையாளர்களின் துணிமூட்டைகள் கீழ்த்தட்டில் இருந்தன. தம்பி ஒரு நிமிடம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். பிறகு பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கிக் கட்டில் மேல் அடுக்கினான். யாருடையதோ பள்ளிச் சீருடை, யாருடையதோ ஜன்னல் திரை, பாதி தைத்த ஒரு சின்னக் குழந்தைச் சட்டை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இவர் யாரு மேடம்?"

"என் தம்பி. மேல புதுசா கட்டியிருக்காங்கல்ல, அதுல வீடு வாங்கியிருக்கான்."

தம்பி அக்காவை முறைத்தான். இந்த வீட்டில் நின்றுகொண்டு இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இருந்தது அவனுக்கு. தையல்காரம்மாவோ முகம் மலர்ந்துவிட்டாள்.

"அப்படியா தம்பி! சீக்கிரம் குடி வாங்க. புது வீட்ட ரொம்ப நாள் பூட்டி வைக்கக் கூடாது. திரைச்சீலை தைக்கணும்னா சொல்லுங்க, அளவெடுக்க நானே வரேன்."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நாங்க வந்தா... உங்களுக்கு இது இன்னும் அதிகமாகும்மா," என்றான்.

"அதுக்கு என்ன பண்றது? வீடு வாங்கினவங்க வீட்டுக்கு வரத்தான வேணும்? இதுவும் நாள் பூரா இல்ல தம்பி. தெருவுல எல்லாரும் குளிச்சு, துவைச்சு முடிக்கிற வரைக்கும்தான். சாதாரண நாள்ல பத்து மணிக்கு மேல குழாய் வாயத் திறந்துக்கிட்டு சும்மா கிடக்கும். மழைன்னா கொஞ்சம் முன்ன பின்ன ஆகும்."

தம்பி அக்காவின் பக்கம் திரும்பினான். "அப்போ நாங்க அதுக்கப்புறமா விட்டா?"

"எதடா?"

"எங்க தண்ணிய."

"அதுவரைக்கும் அறுபது வீடும் என்ன பண்ணும்? கைய கட்டிக்கிட்டு நிக்குமா?" என்று சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அந்தக் கட்டிடத்துக்கு அடியில், கழிவுநீர் வெளியேறும் முன் சேரும் தொட்டி ஒன்று இருந்தது. கட்டிட விதிப்படி எல்லாப் பெரிய கட்டிடத்துக்கும் உண்டு. கட்டியவர் எந்தப் புண்ணியத்தாலோ அதைத் தேவைக்கு மேல் பெரிதாகவே கட்டியிருந்தார். வெளிவாயில் சக்கரம் வைத்த வால்வும் இருந்தது. காலையில் மூடி வைத்தால், பாதிப் பகல் வரைக்கும் தாங்கும்.

மழை விட்டது. ஓட்டையில் தண்ணீர் மெல்ல இறங்கும்போது பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. தையல்காரம்மா மணல் மூட்டையை விட்டு எழுந்து, "டீ போடவா?" என்றாள்.

அன்றைக்குக் குழாயக்கா மேல்மாடிக்குக் கோப்பு அனுப்பவில்லை. வராந்தாவில் இருபது அடி நடந்து, கலர்பென்சிலின் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அவர் பதறி எழுந்தேவிட்டார்.

அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "குடியேறும் சான்றிதழ்ல ஒரு நிபந்தனையா போட எனக்கு அதிகாரம் இருக்கு மேடம். பெரிய குழாய் வர்ற வரைக்கும், கீழ்த் தெருக் குழாய் காலியான பிறகுதான் தொட்டியத் திறக்கணும்னு எழுதலாம். ஆனா தினமும் யார் திறப்பா, யார் மூடுவா? ஒருநாள் அவசரப்பட்டுத் திறந்துட்டா?"

"அந்தம்மா வீடு நிரம்பிடும்."

"அப்போ மனுஷங்க நல்லவங்களா இருப்பாங்கன்னு நம்பிக் கையெழுத்து போடச் சொல்றீங்க."

"ஆமா சார். என் கணக்குப் புத்தகத்துல அதுக்கு இடம் கிடையாது. எல்லாம் மோசமா போனா என்ன ஆகும்னு மட்டும்தான் போட்டிருக்கு."

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். பிறகு, "வால்வுக்குப் பொறுப்பா ஒரு ஆள் பேர் வேணும் மேடம். பேர் இல்லாத நிபந்தனை காத்துல போயிடும்," என்றார்.

அடுக்குமாடிச் சங்கத்தின் கூட்டத்தில் அந்தப் பொறுப்புக்கு ஒருவரும் கை தூக்கவில்லை. காலையில் வேலைக்கு ஓடுகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறவர்கள். செயலாளர் தலைகளை எண்ணுவதுபோல மூன்று முறை சுற்றிப் பார்த்தார். கடைசியில் தம்பி எழுந்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன். "அக்கா வேலைக்குத் தம்பி எடுபிடி. சின்ன வயசுலயும் இதே கதைதான்," என்றான். கூட்டம் சிரித்தது. குழாயக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதையும் களைப்பின் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

குழாய் காலியானது மேலே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? அதற்குத் தையல்காரம்மாதான் வழி சொன்னாள். ஓட்டையில் தண்ணீர் அடங்கியதும் அவள் மொட்டைமாடிக் கொடியில் ஓர் ஆரஞ்சுத் துணியைப் போடுவாள். யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு, வாங்க வராமலே போன துணி.

"போன் பண்ணா போதாதாம்மா?" என்றான் தம்பி.

"ஊசியில நூல் ஏத்தும்போது போனத் தேடுனா என் வேலை கெட்டுடும். அதுவும் இல்லாம, மறந்துட்டு போன் பண்ணிட்டேன்னு நினைச்சுக்குவேன். துணி அங்க தொங்குதா இல்லையான்னு யார் வேணாலும் பாக்கலாம்."

அறுபது குடும்பமும் குடி வந்தன. தரைத்தளத்துப் பின்பக்க பால்கனியில் மாமனாருக்கு நாற்காலி போட்டார்கள். அவருக்குத் தெருவைப் பார்க்கும் அனுபவம் இருந்ததே, அது வீண் போகவில்லை. துணி ஏறியதும், "ஆரஞ்சு!" என்று அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார், தம்பி போய்ச் சக்கரத்தைத் திருப்புவான். சில நாளில் கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வால்வு வரை நடந்து, தானே திருப்பவும் ஆரம்பித்தார். மேலே சில வீடுகளில் துவைப்பதை மதியத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சில வீடுகளில் சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. உலகம் அப்படித்தான் இருக்கிறது. மாற்றிக்கொண்டவர்களை நினைத்து நன்றி சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

பெரிய குழாய் வேலை தள்ளிக்கொண்டே போனது. மழைக்காலமும் நீண்டுகொண்டே போனது. கலர்பென்சில் இப்போதெல்லாம் ஒரு நிலத்துக்கு வண்ணம் பூசும் முன் குழாயக்காவின் அறை வாசலில் வந்து நிற்பார், கையில் இரண்டு பாட்டிலோடு. "ஒண்ணு குடிக்க, ஒண்ணு கொட்ட," என்பார். ஓய்வு பெறப்போகிற இருவரும் வெயிலிலும் சேற்றிலும் காலி மனைகளுக்குப் போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அது போகிற வழியில் நடப்பார்கள். வேலை குறையவில்லை, கூடித்தான் போனது. இடுப்பு வலிக்கும்போது மட்டும் அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெதுவாக நடப்பார், அவளுக்காக மெதுவாக நடப்பது தெரியாதபடி.

ஒருநாள் பகல். விடியலிலிருந்து மழை பெய்து, ஓய்ந்து, வெயிலும் வந்துவிட்டது. அடுக்குமாடிச் செயலாளர் போனில் கத்தினார்.

"மேடம், உங்க தம்பி செய்யறது நல்லா இருக்கா? தொட்டி தளும்புது. துணி தெரியலன்னு சொல்லிக்கிட்டே நின்னாரு. திறங்கன்னா, திறக்க மாட்டேன்னு வால்வுச் சக்கரத்தப் பூட்டி, சாவிய மாமனார் கையில குடுத்துட்டு எங்கயோ போயிட்டாரு. அந்தப் பெரியவர் சாவி மேல உக்காந்துக்கிட்டு, துணியப் பாக்காம எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு!"

குழாயக்கா போனை வைத்தாள். துணி தெரியவில்லை என்றால் தண்ணீர் இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால் அந்த வீடு... அவள் நினைத்து முடிக்கவில்லை. ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் காலையில் கேட்ட அதையே மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஒன்றையாவது தர மாட்டாயா என்று ஒரு தடவை கோபித்துக்கூடக் கொண்டாள்.

பள்ளத் தெருவின் முனையில் ஆட்டோ திரும்பியபோது, கடைசி வீட்டு மொட்டைமாடியில் தம்பி நின்றான். கையில் ஆரஞ்சுத் துணி. கொடியில் போட்டு, காற்றில் விழாமல் இருக்க முடிச்சும் போட்டான். பிறகு மேட்டைப் பார்த்துக் கையை ஆட்டினான். தூரத்து பால்கனியில் ஒரு வெள்ளைத்தலை மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தது.

வீட்டுக்குள் தரை காய்ந்திருந்தது. தையல்காரம்மா கட்டிலில் போர்த்திக்கொண்டு கிடந்தாள். நெற்றி கொதித்தது.

"தண்ணி எப்பவோ இறங்கிடுச்சு மேடம்," என்றாள் முனகலாக. "காய்ச்சல். படி ஏற முடியல. போனும் செத்துப்போச்சு. மேல எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்களேன்னுதான் தவிச்சேன்."

"துணி இல்லன்னதும் மாமாதான் சொன்னாரு," என்றான் தம்பி படியிறங்கி வந்தபடி. "தண்ணி இறங்காம இருந்தாலும் நீ போகணும், அந்தம்மாவுக்கு முடியாம இருந்தாலும் நீ போகணும், எப்படியும் போகத்தான வேணும், போடான்னாரு." அடுப்பில் அவன் வைத்திருந்த வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. மாத்திரையும் வாங்கி வைத்திருந்தான்.

குழாயக்கா நேராகக் குளியலறைக்குப் போனாள். முட்டி போட்டு ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். மேலே வால்வு திறந்திருக்க வேண்டும். ஆழத்தில் அறுபது வீட்டுத் தண்ணீர் அமைதியாக ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மேலே ஏறவில்லை. அவள் அப்படியே சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணை மூடினாள். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை.

"அக்கா," என்று தம்பி கூப்பிட்டான். தையல் மெஷினுக்கு முன்னாலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டான். "கொஞ்ச நேரம் உக்காரு. காலையிலேர்ந்து நிக்கிற மாதிரி இருக்க."

"பல வருஷமா," என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.